பதினொன்றாம் எண் கூண்டு ஏற்றினால் என்ன செய்வீர்கள்?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், கடலூர், நாகை மாவட்டங்களில் வருவாய் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

போன இதழில் பேரிடர் முன்தயாரிப்பு பற்றிப் பத்துக் கேள்விகள் கொடுத்து, போனைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல் விடை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். முதல் ஐந்தும் பொதுவானவை. துறைமுகத்தில் 11-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினால் என்ன பொருள்? ரெட் அலர்ட் என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? சுனாமிக்கு முன்பு கடல் கட்டாயம் உள்வாங்குமா? கேஸ் வாடை வந்தால் எதைத் தொடக் கூடாது? மின்னல் வெட்டும்போது வயலில் இருப்பவர் எங்கே போக வேண்டும்? மீதி ஐந்தும் உங்கள் வீட்டைப் பற்றியவை. இருட்டில் தடவிப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வீட்டில் யார் யாருக்குத் தெரியும்? தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற நிலையில் உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள்? மனப்பாடமாக எத்தனை போன் நம்பர் சொல்வீர்கள்? வீட்டுப் பத்திரங்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? உங்கள் பகுதிக்கான நிவாரண முகாம் எந்தக் கட்டடம்?

கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் ஐந்துக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஐந்தைப் பலர் கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பணிக்காலம் முழுக்க நான் பார்த்ததும் இதுதான். புயல் எத்தனை கிலோமீட்டரில் மையம் கொண்டிருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டியை யார் தூக்குவது என்று யாருக்கும் தெரியாது. உயிர் போவது இந்த இரண்டாவது இடத்தில்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டே கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: புயல் கூண்டின் எண் கூடக் கூட ஆபத்தும் கூடும், 11 தான் உச்சம் என்று எழுதினேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் அதையேதான் எழுதினோம். சரிதானே அம்மா?
(கல்லூரி மாணவர், பரங்கிப்பேட்டை)

இல்லை தம்பி. 1, 2 இரண்டும் தொலைவில் கடலில் புயல் உருவாகலாம், உருவாகிவிட்டது என்று கப்பல்களுக்குச் சொல்பவை. 3, 4 வந்தால் பலத்த காற்றோ புயலோ இந்தத் துறைமுகத்தையே தாக்கலாம் என்று பொருள். 5, 6, 7 மூன்றும் ஒரே தர அபாயம். துறைமுகம் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ புயல் கடந்தால் 7. அதே வரிசைதான் கடும் புயலுக்கு 8, 9, 10.

பக்கத்துக்கு ஏன் தனி எண் என்று கேட்பீர்கள். நம் கடலில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கிழக்கேயிருந்து மேற்கே வந்து கரையேறும் புயலுக்கு வலப்பக்கம் என்றால் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து தரையைப் பார்த்து அடிக்கும். தண்ணீரை ஊருக்குள் தள்ளும். தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது புதுச்சேரி வலப்பக்கம், உங்கள் பரங்கிப்பேட்டை இடப்பக்கம். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததற்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. ஆனால் படகை எங்கே ஏற்றிக் கட்டுவது, முதலில் எந்தக் குப்பத்தைக் காலி செய்வது என்று முடிவெடுப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

11-க்கு வருவோம். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். அதாவது, செய்தி நின்றுவிட்டது. இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2018-இல் கஜா புயலில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் 11-ஆம் எண் கூண்டு ஏறிய நாள்கள் அவை. வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்தே பழகிய வீடுகள் திகைத்துப் போய்விட்டன. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ, முக்கியமான நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய ஒரு தாள், ‘போன் கிடைக்காவிட்டால் எல்லோரும் இந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும்’ என்று முன்கூட்டியே பேசி வைத்த ஓர் இடம். இந்த மூன்றும் உங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: கஜா அன்று நள்ளிரவில் காற்று அடியோடு நின்றுபோனது. மாட்டைப் பார்க்க என் மாமனார் வெளியே கிளம்பினார். பிடித்து உட்கார வைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. காற்று நின்றால் எவ்வளவு நேரம் கழித்து வெளியே போகலாம்?
(வாசகி, வேதாரண்யம் அருகே)

உட்கார வைத்தீர்களே, அதுதான் அவரைக் காப்பாற்றியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா உங்கள் பக்கம் கரையேறியது. புயலின் கண் ஒரு ஊருக்கு மேல் வரும்போது காற்று நிற்கும், சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். வடக்கேயிருந்து அடித்த காற்றில் பாதி சாய்ந்து நிற்கும் தென்னையை, தெற்கேயிருந்து வரும் காற்று அப்படியே புரட்டிப் போடும். கண் எவ்வளவு அகலம், எந்த வேகத்தில் நகர்கிறது என்பதைப் பொறுத்து அந்த அமைதி சில நிமிடங்களும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. புயல் முழுவதும் கரையைக் கடந்துவிட்டது என்று ரேடியோவிலோ அதிகாரிகள் மூலமாகவோ அறிவிப்பு வரும் வரை யாரும் வாசல் தாண்டக் கூடாது. அறிவிப்பு கேட்க வழியே இல்லை என்றால் விடியட்டும்.

மாட்டுக்குச் செய்ய வேண்டியதை முந்தின நாள் மத்தியானமே செய்துவிட வேண்டும். மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போக முடிந்தால் ஓட்டிப் போங்கள். முடியாவிட்டால் மூக்கணாங்கயிற்றையும் கட்டுத்தறிக் கயிற்றையும் அவிழ்த்து விட்டுவிடுங்கள். ‘ஓடிப் போய்விடும்’ என்று பயந்து இறுக்கிக் கட்டுகிறார்கள். அவிழ்த்துவிட்ட மாடு மேடு தேடிப் போகும், பெரும்பாலும் திரும்பியும் வரும். கொட்டகை சரிந்தாலோ தண்ணீர் ஏறினாலோ கட்டிய மாட்டுக்குத் தப்பிக்க வழி இல்லை. காது வில்லை இருக்கிறதா என்று பார்த்து, மாட்டை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு நிவாரணம் கேட்கும்போது உதவும்.

கேள்வி: ஒவ்வொரு புயலுக்கும் எங்கள் வீட்டில் இதே சண்டைதான். மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முட்டி வலி. ‘செத்தாலும் இந்த வீட்டில்தான்’ என்று முகாமுக்கு வர மறுக்கிறார். இரண்டு ஆடுகள் வேறு. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
(வாசகி, கடலூர் மாவட்டக் கடற்கரைக் கிராமம்)

அம்மா, இந்தக் கேள்விக்கு நிறைய இடம் எடுத்துக்கொள்கிறேன். கதவு கதவாகத் தட்டி ஆட்களைக் கிளப்பிய வேலை என்னுடையது. வர மறுப்பவர்களை ‘பிடிவாதம்’ என்று சொல்லிவிட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறுப்புக்குப் பின்னால் சொல்லக் கூச்சப்படும் ஒரு காரணம் அநேகமாக எப்போதும் இருக்கும்.

தானே புயலுக்கு முந்தின நாள் ஒரு குப்பத்தில் ஓர் ஆயா இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தலையாரி சொல்லிப் பார்த்தார், விஏஓ சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது மெல்லச் சொன்னார்: ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் மைதானத்துக்கு அந்தப் பக்கம், மழையில் எப்படிப் போவேன். அவ்வளவுதான் விஷயம். வகுப்பறைக்கு ஒட்டிய ஒரு மூலையில் சேலை கட்டி மறைத்து, மூடி போட்ட ஒரு வாளி வைத்துக் கொடுத்தோம். ஆட்டுக்குச் சைக்கிள் கொட்டகை. எழுந்து வந்துவிட்டார்.

உங்கள் மாமியாரிடமும் ‘ஏன் வர மாட்டேன் என்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘அங்கே உங்களுக்கு எது கஷ்டம்’ என்று கேளுங்கள். புயல் வராத நாளில், ஒரு சாயங்காலம், முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கோ பல்நோக்குப் பாதுகாப்பு மையத்துக்கோ அவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கழிப்பறை எங்கே, எந்தச் சுவரோரம் படுக்கலாம், ஆட்டை எங்கே கட்டலாம் என்று அவரே பார்க்கட்டும். தெரியாத இடத்துக்கு இருட்டில் மழையில் போவதுதான் வயதானவர்களுக்குப் பெரிய பயம். ஆடு வைத்திருப்பதை விஏஓவிடம் முன்னாலேயே சொல்லுங்கள். கடைசி நேரத்தில் முகாம் வாசலில் நின்று பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

அவரை அழைத்துப் போகும் விதத்தையும் ஒத்திகை பாருங்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்போடு ஒரு வேட்டியால் நாற்காலியில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்க வேண்டும். பின்னால் இருப்பவர் நாற்காலியின் முதுகைச் சற்றுத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. வாசற்படியில் திரும்பும்போதுதான் யாருக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியும். தூக்கப் போகும் இருவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். உங்கள் கணவர் கடலுக்குப் போயிருந்தால் அவருக்குப் பதில் யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

பையில் வைக்க வேண்டியவை: பத்து நாள் மாத்திரை, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, மாற்றுச் சேலை, நாப்கின், ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, முதல்வர் காப்பீட்டு அட்டை. காகிதங்களை இரண்டு பிளாஸ்டிக் கவர்களில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு வாயைக் கட்டுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ் அசல்கள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் முதலில் போகும் இடம் அதுதான். இன்றைக்கே பரணுக்கு ஏற்றுங்கள். வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், கரண்ட் போன பிறகு அதை ஒரு சின்ன டப்பாவில் மூடி, ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைக்கலாம். கர்ப்பிணி இருந்தால், பிரசவ தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் ஏற்பாடு நம் மாநிலத்தில் உண்டு. கிராம சுகாதார செவிலியரின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: கேஸ் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட வேண்டும் என்று எழுதினேன். சரியா?
(வாசகர், திருச்சி)

கூடவே கூடாது. சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும், மேலே இருக்கும் ஃபேனால் சீக்கிரம் வெளியேறாது. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு போனை எடுத்து 1906-க்கு அழையுங்கள்.

கேள்வி: கடல் உள்வாங்குவதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும் என்று என் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அது போதுமா?
(ஆசிரியர், நாகப்பட்டினம்)

போதாது சார். உங்கள் ஊரில் இதைச் சொல்லித் தருகிறீர்கள் என்பதே எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28 மணிக்கு. அங்கிருந்து நாகை ஏறத்தாழ 2,000 கி.மீ. தண்ணீர் இங்கே வந்தது ஒன்பது மணி வாக்கில். இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. சொல்வதற்குத்தான் ஆளோ அமைப்போ இல்லை. உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

அன்று கிழக்கே தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. மேற்கே நம் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது ஏறும் தண்ணீர். நிலநடுக்கத்தில் கடலடித் தரை ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்ததால் அலை இப்படிப் பிரிந்து போனது. முதல் அலை வந்து திரும்பியபோது கடல் வெகுதூரம் பின்வாங்கியது. அதைப் பார்க்கவும், மீனைப் பொறுக்கவும், முதல் அலையில் விட்டுப் போனதை எடுக்கவும் இறங்கியவர்களை அதைவிடப் பெரிய அடுத்த அலை கொண்டு போனது. அதனால் ‘உள்வாங்கினால் ஓடு’ என்பதை மட்டும் நம்பும் பிள்ளை, தண்ணீர் ஏறி வரும்போது ‘கடல் உள்வாங்கவில்லையே’ என்று நின்றுவிடும்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். கடற்கரையில் இருக்கும்போது நிலம் அதிர்வது தெரிந்தால் கிளம்பு. கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் கிளம்பு. கடலிலிருந்து வழக்கத்தில் இல்லாத பேரிரைச்சல் கேட்டால் கிளம்பு. அறிவிப்பு வந்தால், எதையும் பார்க்காமலே கிளம்பு. ஓடும் திசை கடலுக்கு நேர் எதிர். உறுதியான மாடிக் கட்டடம் பக்கத்தில் இருந்தால் அதன் மேல்தளம். முதல் அலை போய்விட்டது என்று திரும்பாதே. அலைகள் மணிக்கணக்கில் அடுத்தடுத்து வரும். சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவில் 1907-இல் வந்த சுனாமியைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவந்தார்கள். 2004-இல் நிலம் அதிர்ந்ததும் தீவே மலைமேல் ஏறிவிட்டது. நிலநடுக்கம் மையம் கொண்ட இடத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தும், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். அவர்களிடம் சைரன் கிடையாது.

நமக்கு இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007 முதல். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது சென்னையிலேயே கட்டடங்களை விட்டு மக்கள் வெளியே வந்தார்கள். கடற்கரைகளைக் காலி செய்தார்கள். அலை பெரிதாக வரவில்லை. தரைப்பாறைகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததுதான் காரணம். ‘வீணாக ஓட வைத்தார்கள்’ என்று அன்றைக்குப் பலர் பேசினார்கள். உங்கள் பிள்ளைகள் முன்னால் யாரும் அப்படிப் பேச விடாதீர்கள்.

கேள்வி: 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் புயல் என்று ஒரு பெயரும் இல்லை. ஆனால் ஊரே மூழ்கியது. பெயர் இல்லாத மழையை எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், ஏரல், தூத்துக்குடி மாவட்டம்)

பெயரைப் பார்க்காதீர்கள், வானிலை எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள். புயலுக்கு மட்டும்தான் பெயர் வைப்பார்கள். அன்று வந்தது வளிமண்டலச் சுழற்சி. அதற்குப் பெயர் கிடையாது. ஆனால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. உங்கள் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள்.

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். ‘ரெட் அலர்ட் என்றால் பள்ளிக்கு விடுமுறை’ என்று எழுதியவர்கள் பலர். வீட்டுக்கு அதன் பொருள் வேறு. சிவப்பு வந்த பிறகு அரிசி வாங்கக் கிளம்பக் கூடாது. அந்த வேலையெல்லாம் ஆரஞ்சிலேயே முடிந்திருக்க வேண்டும். தாழ்வான வீட்டில் இருப்பவர்கள் சிவப்பு வந்த அன்று பகலிலேயே மேட்டுக்குப் போய்விட வேண்டும். தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்வேன். உங்கள் தலைக்கு மேல் மழை விட்டாலும் மலையில் பெய்தது பிறகுதான் வந்து சேரும். நடுவில் குளங்கள் உடைந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

தண்ணீர் வாசலைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணையுங்கள், இதைக் கிட்டத்தட்ட யாருமே எழுதவில்லை. மெயின் போனாலும் இன்வெர்ட்டர் வீட்டுக் கம்பிகளில் கரண்ட்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். காலடியில் தண்ணீர் நிற்கும்போது எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். ஓடும் தண்ணீர் ஒரு சாண் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், ஒன்றரைச் சாண் இருந்தால் சின்ன காரை மிதக்க வைத்துவிடும். அதற்குள் வண்டியை விடாதீர்கள். குடிநீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். அடுப்பு இல்லையென்றால் 20 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஜெனரேட்டரை வாசலுக்கு வெளியே தள்ளி வையுங்கள். மூடிய அறையில் அதன் புகை வாடையில்லாமலே ஆளைக் கொல்லும்.

கேள்வி: மின்னலுக்குப் பனைமரத்தடியில் ஒதுங்கலாமா? அடிபட்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?
(விவசாயி, பரமக்குடி)

எந்த மரத்தடியும் வேண்டாம், தனிப் பனை வேண்டவே வேண்டாம். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பக்கத்தில் இருக்கிறது. கான்கிரீட் கட்டடத்துக்கோ கூரையுள்ள கார், பஸ்ஸுக்கோ போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வேலைக்குத் திரும்புங்கள். ஒதுங்க இடமே இல்லையென்றால் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள், தரையில் படுக்காதீர்கள். கூட்டமாகவும் நிற்காதீர்கள்.

அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தாராளமாகத் தொடலாம், தொட வேண்டும். மூச்சும் அசைவும் இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்துங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ‘ஷாக் அடிக்கும்’ என்று சுற்றி நின்று பார்த்ததில் போன உயிர்கள் உண்டு. உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதை ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தீக்காயத்துக்குப் பேஸ்ட், பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டு. என் பாட்டி வைத்தியம். இரண்டுக்கும் தவறு போட்டுவிடாதீர்கள்!
(வாசகி, தஞ்சாவூர்)

இரண்டுமே தவறுதான் அம்மா. தீக்காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். பேஸ்ட், மாவு, மை எதுவும் வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்குள் பாம்பு ஒதுங்குவது சகஜம். கடிபட்டால் கட்டவோ கீறவோ கூடாது. கடித்த காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் முடிச்சூரில் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் இரண்டு நாள் அவர்களிடமிருந்து தகவலே இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு நான் என்னதான் செய்ய முடியும்?
(வாசகர், பெங்களூர்)

தூரத்தில் இருப்பதாலேயே உங்களால் ஒன்று முடியும். வெள்ளம் வந்த ஊருக்குள் ஒருவருக்கொருவர் போன் கிடைக்காத நேரத்திலும் சில சமயம் வெளியூருக்குக் கிடைக்கும். குடும்பத்தில் எல்லோரும் உங்களுக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும், நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்வீர்கள் என்று ஏற்பாடு செய்யுங்கள். போன் கால் போகாதபோதும் சில சமயம் எஸ்எம்எஸ் போகும். ‘நலம், மாடியில் இருக்கிறோம்’ என்று அனுப்ப அப்பாவுக்குப் பழக்கிவிடுங்கள். முதல் மாடிக்காரரின் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் வீட்டில் காபி குடித்து, ‘தண்ணீர் வந்தால் இவர்களை மேலே அழைத்துக்கொள்வீர்களா’ என்று நேரிலேயே கேளுங்கள். தயங்காதீர்கள், பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. சென்னை மாவட்டத்துக்கோ செங்கல்பட்டுக்கோ வெளியூரிலிருந்து 1077-ஐ அழைத்தால் உங்கள் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். அந்த மாவட்டத்தின் எஸ்டிடி கோடைச் சேர்த்து அழையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. அழைக்கும்போது முதலில் முகவரியும் அடையாளமும், பிறகு எத்தனை பேர், அவர்களில் நடக்க முடியாதவர் யார் என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. உங்கள் கேள்விகளுக்கு நான் மட்டும் விடை எழுதினேன். அப்பா, அம்மா, தாத்தா, தம்பி எல்லோருக்கும் எப்படித் தேர்வு வைப்பது ஆன்ட்டி?
(எட்டாம் வகுப்பு மாணவி, விழுப்புரம் மாவட்டம்)

கண்ணு, வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது உன்னுடையதுதான். 2024-இல் உங்கள் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் பெய்தது. நீ கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு, அப்பாவிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொல். எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு தட்டில் கவிழ்த்து வை. இப்போது நீதான் தேர்வாளர். டார்ச் லைட்டை யார் எடுத்தார்கள், அதில் பேட்டரி இருந்ததா? ரேஷன் கார்டு, பட்டா, உன் மார்க் ஷீட் எல்லாம் ஒரே பையில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது? தாத்தாவின் மாத்திரை எந்தெந்த வேளைக்கு எது என்று அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? தம்பிக்கு அம்மாவின் நம்பர் மனப்பாடமாக வருமா? தாத்தாவை வாசல் வரை கொண்டுவர எத்தனை பேர் தேவைப்பட்டது? குடிக்க எத்தனை குடம் தண்ணீர் மூடி வைத்திருக்கிறது? பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரைப் பற்றி யாராவது ஒருவராவது நினைத்தார்களா? எல்லாவற்றையும் நோட்டில் எழுது. மார்க் போடாதே, யாரையும் திட்டவும் விடாதே. மெழுகுவர்த்தியைத் தம்பி கையில் கொடுக்காதே.

அரை மணி நேரம் போதும். கரண்ட் வந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, கிடைக்காமல் போனவற்றுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பொறுப்புக் கொடு. மூன்று மாதம் கழித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, இந்த முறை யாரிடமும் சொல்லாமல் நடத்த வேண்டும் என்று அப்பாவிடம் இப்போதே அனுமதி வாங்கி வை. முதல் தேர்வில் கிடைக்காமல் போனவற்றின் பட்டியலை எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடுவோம்.